42 வயதில் பறவை பார்க்கத் தொடங்கலாமா? மதுரைப் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்

வைகைவாசி

எல்லோருக்கும் வணக்கம். வயது 42, மதுரையில் ஒரு நூற்பாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருப்பது சாப்பாட்டுக்கும் டீக்கும்தான். வெயிலோ காற்றோ மேலே படுகிற மாதிரி ஏதாவது ஒன்றைப் பழகிக்கொள்ள வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. ஜிம் ஒத்துவரவில்லை, சைக்கிள் மிதித்தால் முழங்கால் பிடித்துக்கொள்கிறது, ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டுக்குப் போனால் பையன்கள் மரியாதையாக அம்பயராக நிறுத்திவிடுகிறார்கள். இப்போது பறவை பார்ப்பதில் வந்து நிற்கிறேன். வண்டியூர் கண்மாய் ஓரமாகத்தான் தினமும் போய்வருகிறேன். மழைக்குப் பிறகு அங்கே என்னென்னவோ வந்து இறங்குகிறது, எனக்கு எல்லாமே கொக்குதான்.

சந்தேகங்கள் நிறைய. முதலில், பைனாகுலர் வாங்குவதா கேமரா வாங்குவதா? ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்கு '60 மடங்கு' என்று போட்டு ஒன்று விற்கிறார்கள், அது உண்மையா? நான் கண்ணாடி போட்டவன், பைனாகுலர் பார்க்கும்போது கழற்ற வேண்டுமா? அடுத்தது, மாதக் கடைசியில் வீட்டுக்கு வரவே இரவு 11 ஆகிவிடும், விடியற்காலை 5 மணிக்கு எழுந்து போனால்தான் பறவை தெரியும் என்றால் இந்த ஆட்டத்துக்கு நான் இல்லை. அப்புறம் கொஞ்சம் கூச்சமான விஷயம்: கண்மாய்க் கரையில் ஒரு ஆள் தனியாக பைனாகுலரோடு நின்றால் குளிக்கிறவர்கள், துவைக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? வீட்டில் இப்போதே 'காக்கா பார்க்கப் போறீங்களா' என்று கேலி ஆரம்பமாகிவிட்டது.

எங்கிருந்து தொடங்குவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நல்லது. சின்ன வயதிலிருந்தே பழகியிருந்தால்தான் வருமா என்பதையும் சொல்லுங்கள்.

---

கண்மாய்க்கரை

தம்பி, நான் திருமங்கலம் பக்கம், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். வயது பற்றிய கவலையை இங்கேயே விட்டுவிடுங்கள். எங்கள் குழுவில் பாதிப் பேர் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு வந்தவர்கள்தான். ஓடவோ தூக்கவோ வேண்டாத பழக்கம் இது, ஒரே இடத்தில் அரைமணி நேரம் சும்மா நிற்கத் தெரிந்தால் போதும், அது இருபது வயதில் யாருக்கு வருகிறது?

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். முதல் இரண்டு மாதம் எங்கேயும் போகாதீர்கள். மொட்டைமாடி, உங்கள் தெரு, ஆலைக்குப் போகும் வழி, இது போதும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதல் ஞாயிறே வேடந்தாங்கலுக்கோ கூந்தன்குளத்துக்கோ வண்டி கட்டிவிடுகிறார்கள், ஆயிரக்கணக்கில் பறவையைப் பார்க்கிறார்கள், திரும்பி வந்தால் தலையில் ஒரு பெயர்கூடத் தங்குவதில்லை, அடுத்த மாதம் ஆளைக் காணோம். தெருவில் இருக்கிற இருபத்தைந்து, முப்பது வகையை முதலில் சந்தேகமில்லாமல் தெரிந்துகொள்ளுங்கள். காக்கை, மைனா, தவிட்டுக்குருவி, கரிச்சான், தேன்சிட்டு, தையல்சிட்டு, கொண்டைக்குருவி, செம்போத்து, பச்சைக்கிளி, மீன்கொத்தி, பஞ்சுருட்டான், பனங்காடை, வால்காக்கை, வைரி, புள்ளி ஆந்தை, எல்லாமே மதுரைக்குள் மாடியிலிருந்தும் மின்கம்பியிலும் பார்க்கக் கூடியவை. இவை பழகிவிட்டால் என்றைக்காவது ஒரு வித்தியாசமான பறவை வந்து உட்கார்ந்தால் 'இது நம்ம ஆள் இல்லையே' என்று கண்ணே சொல்லிவிடும்.

பார்க்கும் முறைக்கு வருவோம். புதியவர்கள் நிறத்தைத்தான் முதலில் பிடித்துக்கொள்வார்கள், அது கடைசியில் வரவேண்டியது, ஏனென்றால் வெயில் எதிரே இருந்தால் எல்லாப் பறவையும் கறுப்பு. முதலில் உருவ அளவு. சிட்டுக்குருவி, மைனா, காக்கை, பருந்து, இந்த நாலையும் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள், பார்த்தது மைனாவைவிடச் சிறியதா, காக்கையைவிடப் பெரியதா என்று அந்த நேரத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். அடுத்து அலகு எப்படி, வால் எப்படி, அப்புறம் அது என்ன செய்துகொண்டிருந்தது. கம்பியிலிருந்து பறந்துபோய்ப் பூச்சியைப் பிடித்துக்கொண்டு அதே கம்பிக்குத் திரும்புகிறதா, தரையில் கூட்டமாகச் சருகைக் கிளறுகிறதா, மரத்தில் தலைகீழாகத் தொங்குகிறதா? பாதி அடையாளம் அங்கேயே கிடைத்துவிடும்.

பயிற்சிக்கு வானத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மதுரையில் தலைக்கு மேலே சுற்றுவது பெரும்பாலும் இரண்டு பருந்துகள்தான். கள்ளப்பருந்து முழுக்க மங்கிய பழுப்பு, வால் நுனி நடுவில் உள்வாங்கிப் பிளவாக இருக்கும். செம்பருந்துக்கு, அதாவது நம் ஊரில் கன்னத்தில் போட்டுக்கொள்வார்களே அந்தக் கருடனுக்கு, தலையும் மார்பும் வெள்ளை, உடம்பு செங்கல் நிறம், வால் நுனி வட்டம். செம்பருந்தின் குஞ்சு வளர்ந்த புதிதில் பழுப்பாக இருக்கும், அதையும் கள்ளப்பருந்தையும் குழப்பிக்கொள்ளாதவர் யாருமில்லை, வாலைப் பார்த்தால் தீர்ந்தது.

உங்கள் 'எல்லாமே கொக்கு' விஷயத்துக்கும் வருகிறேன். வெள்ளையாக, கால் கறுப்பாக, ஆனால் பாதம் மட்டும் மஞ்சளாக இருந்தால் சின்னக்கொக்கு. மாட்டுக்குப் பக்கத்திலேயே நடந்துபோகிறதே, அலகு மஞ்சள், கழுத்து கொஞ்சம் குட்டை, அது உண்ணிக்கொக்கு, இனப்பெருக்கக் காலத்தில் தலையும் கழுத்தும் ஆரஞ்சு நிறத்துக்கு வரும். எல்லாவற்றையும்விட உயரமாக, கழுத்தில் ஒரு கோணலோடு நிற்பது பெரியகொக்கு, அதன் வாய்க்கோடு கண்ணையும் தாண்டிப் பின்னால் போயிருக்கும். இடைப்பட்ட அளவில் இன்னொரு கொக்கும் உண்டு, அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். கரையோரம் மண் நிறத்தில் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது மடையான். பக்கத்தில் போகும்வரை இருப்பதே தெரியாது, எழுந்து பறந்தால் இறக்கை பளிச்சென்று வெள்ளை.

ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், இடம், பார்த்தது. பெயர் தெரியாவிட்டால் ஒரு கோணல்மாணல் படம் போட்டு அம்புக்குறி போட்டால் போதும். செயலி அது இது எல்லாம் பிறகு.

---

எட்டுக்கு42

பைனாகுலர் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், என் பெயரைப் பார்த்தாலே தெரியும்.

அந்த '60 மடங்கு' சமாச்சாரத்தை வாங்காதீர்கள். கையில் பிடித்துப் பார்க்கிற கருவிக்கு 10 மடங்குக்கு மேல் போனாலே கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகிவிடும், 20 என்றால் முக்காலி இல்லாமல் ஒன்றும் பார்க்க முடியாது, 60 என்று அச்சடிப்பது சும்மா. பறவைக்கு உலகம் முழுக்க ஆட்கள் சுற்றிச்சுற்றி வந்து நிற்பது 8x42. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது, இரண்டாவது முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும், 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25 மி.மீ., அந்தி மங்கலுக்கும் மரநிழலுக்கும் தாராளம். பையில் போடுகிற குட்டி 8x21இல் அதே கணக்கு 2.6தான் வரும், மாலை ஆறு மணிக்குக் கையைவிரித்துவிடும். 10x42 கெட்டதல்ல, கண்மாயில் தூரத்தில் இருக்கிற வாத்துக்கு நன்றாகவே உதவும், ஆனால் பார்க்கும் பரப்பு குறுகும், மரத்துக்குள் குதித்துக்கொண்டிருக்கும் தையல்சிட்டைப் பிடிப்பதற்குள் அது பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கும். முதல் பைனாகுலருக்கு 8 தான் என் கட்சி.

கண்ணாடியைக் கழற்ற வேண்டாம். பைனாகுலரின் கண் பக்கம் இருக்கிற ரப்பர் வளையத்தைத் திருகிக் கீழே இறக்கிவிட்டு அல்லது மடித்துவிட்டு, கண்ணாடியோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். வாங்கும்போது ஐ ரிலீஃப், அதாவது முழுக் காட்சியும் தெரியக் கண் எவ்வளவு தள்ளி இருக்கலாம் என்று ஒரு அளவு போட்டிருப்பார்கள், கண்ணாடிக்காரர்களுக்கு அது 15 மி.மீ.க்குக் குறையக் கூடாது, குறைந்தால் காட்சியின் ஓரம் வெட்டுப்படும். முடிந்தால் கடையில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். நிக்கான் மாதிரி பெயர்களில் தொடக்க நிலை மாடல்கள் சுமார் 8,000 முதல் 12,000 ரூபாய்க்குள் கிடைக்கும். எடை முக்கால் கிலோவை ஒட்டி வரும், கூடக் கொடுக்கிற பட்டை கழுத்தை அறுக்கும், அகலமான பட்டையாக மாற்றிக்கொள்ளுங்கள்.

வாங்கிய அன்றே செய்ய வேண்டிய ஒன்று உண்டு, பலர் வருடக்கணக்கில் இதைச் செய்யாமலே 'எனக்கு மங்கலாத் தெரியுது' என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். வலது கண் பக்கம் தனியாக ஒரு திருகு வளையம் இருக்கும். வலது கண்ணை மூடிக்கொண்டு, தூரத்தில் எழுத்துள்ள ஒரு போர்டை இடது கண்ணால் பார்த்து, நடுவில் இருக்கும் சக்கரத்தைத் திருகித் தெளிவாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலது பக்க வளையத்தை மட்டும் திருகி அதே போர்டைத் தெளிவாக்குங்கள். அந்த நிலையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், இனி நடுச் சக்கரம் மட்டும் போதும். இரண்டு கண்ணுக்கும் பவர் வித்தியாசம் இருப்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

பறவையைப் பைனாகுலரில் தேடக் கூடாது. வெறும் கண்ணால் பறவையைப் பிடித்து, கண்ணை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குத் தூக்குங்கள். மின்கம்பத்தில் உட்கார்ந்திருக்கும் காக்கையை வைத்துப் பழகுங்கள், வீட்டுக்காரம்மா சொன்னதும் ஒருவகையில் சரிதான். சூரியன் பக்கம் மட்டும் தப்பித்தவறியும் திருப்பாதீர்கள், கண் போய்விடும். மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், செருப்பு டப்பாவில் வருகிற சிலிகா பொட்டலங்களைச் சேர்த்து ஒரு மூடி போட்ட டப்பாவில் பைனாகுலரோடு வையுங்கள்.

---

கோவைக்காரி

கண்மாய்க்கரை ஐயா சொன்னதில் பெரும்பாலும் உடன்படுகிறேன், ஆனால் இரண்டு மாதம் மொட்டைமாடியிலேயே இருக்கச் சொன்னதில் மட்டும் இல்லை. தோட்டத்துக் குருவிகள் சின்னவை, இலைக்குள் ஒளியும், நிற்காது. புதிதாக வருகிறவருக்கு நீர்ப்பறவைதான் சுலபம் என்பது என் கருத்து. பெரிய உடம்பு, திறந்த வெளி, ஒரே இடத்தில் அரைமணி நிற்கும், பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். நான் சிங்காநல்லூர் குளத்தில்தான் பழகினேன், கூழைக்கடாவை யாரும் இன்னொன்றோடு குழப்ப முடியாது. வைகைவாசி தினமும் கண்மாய் ஓரமாகப் போகிறவர், அவரை எதற்கு மாடிக்கு அனுப்ப வேண்டும்?

காலையில் எழ முடியாத பிரச்சினைக்கும் இதுதான் வழி. காட்டுப் பறவை, தோட்டத்துப் பறவைக்குத்தான் விடிந்து இரண்டு மணி நேரம் முக்கியம், அப்போதுதான் பாடும், இரை தேடும், வெயில் ஏறினால் அடங்கிவிடும். நாரை, நீர்க்காகம், வாத்து, தாழைக்கோழி இவை நாள் முழுக்கத் தண்ணீரில்தான் இருக்கும். மாலை நாலரைக்குப் போனாலே போதும், இருட்டும்வரை பார்க்கலாம், அந்த நேரத்தில் கூட்டமாக அடையத் திரும்புகிறவற்றையும் எண்ணலாம். ஒன்று மட்டும் கவனியுங்கள், சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிற கரையில் நிற்க வேண்டும். மாலை என்றால் மேற்குக் கரை.

கண்மாயும் மாதத்துக்கு ஒரு முகம் காட்டும். இப்போது ஐப்பசி மழையில் தண்ணீர் ததும்பும், இந்தச் சமயம் முக்குளிப்பான், நீர்க்காகம், வாத்துகள்தான் அதிகம். தை, மாசியில் தண்ணீர் வற்றிச் சேறு தெரிய ஆரம்பித்ததும் உள்ளான்கள், பவளக்காலி, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், நத்தைகுத்தி நாரை எல்லாம் ஓரத்துக்கு வரும், குட்டையில் மாட்டிக்கொண்ட மீனுக்கு மஞ்சள்மூக்கு நாரைகள் வரிசை கட்டும். வெளிநாட்டிலிருந்து வருகிற வாத்துகளும் தகைவிலான்களும் பங்குனியோடு கிளம்பிவிடும், ஆகவே நீங்கள் தொடங்கியிருப்பது சரியான மாதம்.

கூச்சத்துக்கு என் மருந்து: நீங்களே முதலில் பேசிவிடுங்கள். பெண் என்பதால் எனக்கு இது கட்டாயமாகவே ஆனது. யாரும் கேட்பதற்கு முன் ஆடு மேய்க்கிறவர், மீன் குத்தகைக்காரர், துணி துவைக்கிற அக்கா, இவர்களிடம் 'இங்க என்ன பறவை வருதுண்ணு பாக்க வந்தேன்' என்று சொல்லிவிட்டால் சந்தேகம் போய்விடும், அதோடு எந்த மரத்தில் எது அடைகிறது என்று அவர்கள் சொல்கிற தகவல் எந்தச் செயலியிலும் கிடையாது. குளிக்கிற துறைப் பக்கம் பைனாகுலரைத் திருப்பவே கூடாது, அந்தப் பக்கம் எவ்வளவு அரிய பறவை வந்தாலும் சரி. வீடுகள் இருக்கிற திசையும் அப்படித்தான். பெண்கள் யாராவது இதைப் படித்தால்: புதிய இடத்துக்குத் தனியாக வேண்டாம், குழுவோடு ஒருமுறை போய் இடத்தைத் தெரிந்துகொண்டு அப்புறம் தனியாகப் போகலாம், கழிவறை எங்கே என்பதையும் சேர்த்து.

செருப்பு போட்டுக்கொண்டு கண்மாய்க்குள் இறங்காதீர்கள். சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும், கரைச் சரிவில் விரியனும் இருக்கும். மூடிய ஷூ, தொப்பி, ஒரு பாட்டில் தண்ணீர். கண்ணைப் பறிக்கிற வெள்ளைச் சட்டை வேண்டாம்.

---

லென்ஸ்பித்தன்

எல்லோரும் பைனாகுலர் பக்கமே பேசுகிறீர்களே, நான் கேமரா வழியாக வந்தவன், ஒன்றும் கெட்டுப்போகவில்லை. படம் எடுத்துவிட்டால் வீட்டுக்கு வந்து நிதானமாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம், இங்கே போட்டுக் கேட்கலாம். 'பழுப்பா இருந்துச்சு, சின்னதா இருந்துச்சு' என்று சொன்னால் யார் கண்டுபிடிப்பது? லென்ஸ் மாற்றாமலே பயங்கரமாக ஜூம் ஆகிற கேமராக்கள் இருக்கின்றன, செகண்ட் ஹேண்டில் பார்த்தால் பைனாகுலர் விலையைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

---

கண்மாய்க்கரை

லென்ஸ்பித்தன் தம்பி, அடையாளத்துக்குப் படம் உதவும் என்பது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் கேமராவோடு வருகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அடுத்த வருடம் 150-600 என்கிற பெரிய ஜூம் லென்ஸில் போய் நிற்கிறார்கள், அது மட்டும் லட்ச ரூபாயை ஒட்டி, எடை இரண்டு கிலோ. அப்புறம் படம் சரியாக வரவேண்டுமே என்று இன்னும் நாலடி கிட்டே, இன்னும் நாலடி கிட்டே என்று போய்ப் பறவையை எழுப்பிவிடுவார்கள். கூட்டுக்குப் பக்கத்தில் கிளையை ஒடித்துப் படம் எடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன், மறைப்பு போனதும் காக்கைக்குக் குஞ்சு தெரிந்துவிடும், முடிந்தது கதை. போனில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் அதே ரகம், வேறொரு ஆண் தன் எல்லைக்குள் நுழைந்துவிட்டது என்று நினைத்து அது இரை தேடுவதை விட்டுவிட்டு வந்து அலைபாயும். கூடு கட்டுகிற காலத்தில் இதைச் செய்யவே கூடாது.

கோவைக்காரி அம்மா சொன்ன நீர்ப்பறவை யோசனையை ஏற்றுக்கொள்கிறேன். ஞாயிறு கண்மாய், மற்ற நாள் மாடி. ஆனால் வேடந்தாங்கல் பயணம் மட்டும் இப்போது வேண்டாம் என்பதில் மாற்றமில்லை.

---

வைகைவாசி

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. 8x42 ஒன்று வாங்கிவிட்டேன், அந்த வலது கண் வளையத்தையும் சரிசெய்துவிட்டேன், கண்ணாடியோடு நன்றாகவே தெரிகிறது. எதிர்வீட்டுப் பக்கம் திருப்புவதில்லை!

இரண்டு சந்தேகம். எங்கள் தெரு வேப்பமரத்தில் ஒரு பறவை. காக்கையைவிடக் கொஞ்சம் சின்னது, வால் நீளம், உடம்பு பழுப்பு, மேலெல்லாம் வெள்ளைப் புள்ளி, வயிற்றுப் பக்கம் பட்டை பட்டையாக இருக்கிறது, கண் சிவப்பு. 'கிக்கிக்கிக்' என்று காது கிழியக் கத்துகிறது, காக்கைகள் துரத்துகின்றன. வல்லூறு வகையா என்று நினைத்தேன், ஆனால் வேப்பம்பழத்தைத் தின்கிறதே?

இரண்டாவது, மெர்லின் என்று ஒரு செயலி இருக்கிறதாம், குரலை வைத்தே சொல்லிவிடுமாம், நம்பலாமா?

---

கோவைக்காரி

பெண் குயில்! நாம் பாட்டில் கேட்கிற கறுப்புக் குயில் ஆண், 'குக்கூ' என்று கூவுவதும் அதுதான். பெண்ணுக்குப் புள்ளி போட்ட உடம்பு, கத்தல்தான், கூவல் இல்லை. காக்கைக் கூட்டில் முட்டை வைக்கிற ஆள் என்பதால்தான் காக்கைகள் துரத்துகின்றன. 'பழம் தின்கிறதே' என்று நீங்களே சந்தேகப்பட்டீர்கள் பாருங்கள், நடத்தையைக் கவனிப்பது என்று ஐயா சொன்னது இதைத்தான்.

மெர்லின் இலவசம், அமெரிக்காவில் கார்னெல் பறவையியல் ஆய்வகம் கொடுப்பது. நம் பகுதிக்கான தொகுப்பை வீட்டு வைஃபையில் இறக்கிக்கொண்டால் கண்மாயில் சிக்னல் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். அது சொல்வதைத் துப்பாக எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக அல்ல. ஒரு பெயரைக் காட்டினால் அந்தப் பறவையைத் தேடிக் கண்ணால் பார்த்த பிறகு நோட்டில் எழுதுங்கள். கரிச்சானே வைரி மாதிரி கத்திக் காட்டும், செயலி பாவம் என்ன செய்யும்?

அதே ஆய்வகம் 2002இலிருந்து இ-பேர்ட் என்று ஒன்றையும் நடத்துகிறது. நாம் பார்த்த பட்டியலை நேரம், இடத்தோடு அதில் போட்டு வைக்கலாம், மற்றவர்கள் வண்டியூரில் போன மாதம் என்ன பார்த்தார்கள் என்பதையும் எடுத்துப் பார்க்கலாம். பொங்கலையொட்டி தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், பிப்ரவரியில் நாலு நாள் உலக அளவில் ஒன்று. இரண்டுக்குமே 15 நிமிடம் ஒரு இடத்தில் நின்று பார்த்ததை எண்ணிப் பதிந்தால் போதும், மாடியிலிருந்தும் செய்யலாம். தெரியாத பறவையை விட்டுவிடலாம், ஊகித்து மட்டும் போடக் கூடாது.

---

எட்டுக்கு42

மதுரைக்காரர் என்பதால் இன்னும் மூன்று இடம் சொல்லிவைக்கிறேன், அவசரமில்லை, தை பிறந்ததும் போகலாம். சாமநத்தம் கண்மாய் ஊருக்குப் பக்கத்திலேயே, நீர்ப்பறவைக்கு நல்ல இடம். மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி, 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது, டங்ஸ்டன் சுரங்க ஏலத்துக்கு எதிராக ஊரே திரண்டு 2025 ஜனவரியில் அது ரத்தானதே, அதே ஊர்தான். அங்கே தண்ணீரைப் பார்க்காமல் பாறை முகட்டைப் பாருங்கள், லகர் வல்லூறு மாதிரி வேட்டைப் பறவைகளுக்குப் பேர்போன இடம். மூன்றாவது சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் வழியில் வேட்டங்குடி சரணாலயம், மதுரையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், 1977இலிருந்து சரணாலயம். பக்கத்தில் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. வீட்டில் எல்லோரையும் கூட்டிப்போக இதுதான் தோது, கேலி செய்கிறவர் கையில் பைனாகுலரைக் கொடுத்து ஒரு நாரைக் கூட்டைக் காட்டிப் பாருங்கள், அப்புறம் உங்களுக்குத் தனியாக இன்னொன்று வாங்க வேண்டிவரும்.

---

கண்மாய்க்கரை

தம்பி, வருகிற ஞாயிறு மாலை நாலரைக்கு நாங்கள் சில பேர் வண்டியூர் கண்மாய் மேற்குக் கரையில் இருப்போம், வந்துவிடுங்கள், ஓசியில் டெலஸ்கோப்பும் பார்க்கலாம். நோட்டை மறக்க வேண்டாம். மழை வந்தால் அடுத்த வாரம்.